முள்ளிப்பட்டில் ஒரு ஜப்பான் பெட்டி: விலை ஒன்பதாயிரம்

ஆரணிக்குப் போகிறவர்கள் சேலை எடுக்கப் போவார்கள். நான் போனது ஜப்பானிய அனிமேஷன் டிஸ்க் பெட்டி ஒன்றை வாங்க. போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். (மேலாளர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை: செய்யாறு தாண்டியதும் நிஜமாகவே வலித்தது.)

ஏன் இவ்வளவு தூரம்? ஒரு சின்னத் தீவு, அங்கே படகு ஓட்டும் ஒரு பெண், பன்னிரண்டு அத்தியாயங்கள். இந்தத் தொடரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் ஒரே ஒரு தளத்தில் இருந்தது. உரிமக் காலம் முடிந்தது என்று ஒரு நாள் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நேர்மையான வழி ஒன்றுதான்: ஜப்பானில் விற்கும் பெட்டி. ஆறு டிஸ்க், 38,500 யென். நம் பணத்தில் ஏறக்குறைய இருபத்திரண்டாயிரம்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் டிஸ்க் விலை பொதுமக்களுக்காக வைப்பதில்லை. எவ்வளவு சொன்னாலும் வாங்கக்கூடிய ஒரு சில சேகரிப்பாளர்களுக்காக வைப்பது. அதே அளவுள்ள வேறொரு தொடரின் அமெரிக்கப் பதிப்பை அறுபது டாலருக்கு வாங்கியிருக்கிறேன். எல்லா அத்தியாயமும், ஆங்கில சப்டைட்டிலும் அதில் இருந்தன. என் படகுக்காரிக்கு அமெரிக்கப் பதிப்பு வரவே இல்லை. ஆக, சப்டைட்டில் இல்லாத, இந்தியப் பிளேயரில் ஓடாத பெட்டிக்கு நாலு மடங்கு கொடுக்க வேண்டும். மேலே கப்பல் கூலி, அதற்கு மேலே சுங்க வரி. திருட்டுப் பிரதி பார்க்காதே என்று நமக்கு வகுப்பெடுக்கிறவர்கள், ஒழுங்காக வாங்க வருகிறவனுக்கு ஒரு கவுன்டரைத் திறந்து வைக்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு நீண்ட நாளாக உண்டு. இந்தப் பயணம் போனதே அந்தக் கோபத்தில்தான்.

ரசிகர்கள் பழைய டிஸ்க் விற்கும் இணையக் குழு ஒன்றில் அந்தப் பெட்டியின் படம் வந்தது. 'ஒன்பதாயிரம். நேரில் பார்த்து வாங்கவும். தேவகி, முள்ளிப்பட்டு, ஆரணி.' முள்ளிப்பட்டு என்றால் பட்டுத் தறி ஊர் என்று தெரியும். நெசவு வீடு, பணக் கஷ்டம், பொருளின் மதிப்புத் தெரியாமல் விற்கிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஆறாயிரத்து ஐந்நூறுக்கு முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, அந்தப் பணத்தைக் கைப்பையிலும் மீதி இரண்டாயிரத்து ஐந்நூறைத் தோள்பையின் உள் ஜிப்பிலும் பிரித்து வைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும்.

பூந்தமல்லியில் காலை 5.50க்குப் பேருந்து. காஞ்சிபுரம், செய்யாறு வழி. நான் கொடுத்தது 132 ரூபாய். ஜன்னலோர இருக்கை வேண்டுமென்றால் இதற்குப் பிந்தாதீர்கள். ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது 9.10. எதிரில் இட்லி, வடை, டீ, 55 ரூபாய். வடை நன்றாக இருந்தது. சாம்பாரைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

முள்ளிப்பட்டு அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் 150 கேட்டார், 120க்கு ஒத்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் விசாரணை ஆரம்பமானது.

"கல்யாணப் பொடவையா மேடம்? ஒரே ஒரு கடை காட்டுறேன், புடிக்கலன்னா வந்துகினே இருக்கலாம்."

"பொடவை இல்லைங்க. ஒரு டிஸ்க் பெட்டி வாங்கப் போறேன். ஜப்பான் படம்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மெட்ராஸ்ல கெடைக்காத டிஸ்க்கு முள்ளிப்பட்டுல கெடைக்குதா? நல்லா பேஜார் புடிச்ச ஆளுதான் நீங்க."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பொடவ மனசு மாறிச்சுன்னா கூப்புடுங்க" என்று எண் கொடுத்துவிட்டுப் போனார்.

முன்னறையில் இரண்டு தறிகள். ஒன்றில் தேவகி, முப்பது வயதிருக்கும். மற்றதில் அவருடைய நாத்தனார் கற்பகம், என் வயது. ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்கள் என்பதால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். தேவகி எழுந்திருக்கவில்லை. "இந்தப் பூ முடிஞ்சாதான் கால எடுக்க முடியும். பத்து நிமிசம் குந்துங்க" என்றார். நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம் ஆனது.

பிறகு பீரோவிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார், மஸ்லின் துணியில் சுற்றி. பிரித்தேன். ஒரு மூலையில் லேசான நசுங்கல். டிஸ்க்குகளில் கீறல் இல்லை. வாசலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பின்னால் கற்பகத்தின் குரல்.

"அண்ணி, இவங்களப் பாருங்களேன். நம்ம முதலாளி கணக்கா வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாக்குறாங்க."

"சும்மா இருடி."

"அவரு தூக்குனாலே முந்நூறு புடிப்பாரு. இவங்க எவ்ளோ புடிக்கப் போறாங்களோ."

இங்கே முதலாளி என்றால் பட்டும் ஜரிகையும், தறியில் நீளவாட்டில் ஏற்றும் பாவும் கொடுத்து வீடுகளில் நெய்து வாங்குகிறவர். நெய்கிறவருக்குக் கூலி மட்டும். தேவகியின் தறியில் இருந்த சேலைக்கு ஆறு நாள் வேலை, மூவாயிரத்து இருநூறு கூலி. முடித்துக் கொடுக்கும்போது முதலாளி வெளிச்சத்தில் தூக்கி ஒரு இழைப் பிசகைக் கண்டுபிடிப்பார். கூலியில் முந்நூறு போகும். அப்புறம் அந்தச் சேலை கடையில் குறைந்த விலைக்குத் தனியாகத் தொங்குகிறதா என்றால், அதுதான் இல்லை. கற்பகம் இதையெல்லாம் தறியை நிறுத்தாமலே சொன்னார்.

எனக்குக் காது சூடானது. ஆனாலும் பேரம் பேசாமல் விடவில்லை. ஜப்பான் பெட்டிகளைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும். சேகரிப்பவர்களுக்கு அது உயிர். அது இல்லையென்றால் விலை இறங்கும். இந்தப் பெட்டியில் அது இல்லை.

"பேப்பர் பட்டை காணோமே. அது இல்லாம யாரும் முழு விலை தர மாட்டாங்க. ஆறாயிரத்து ஐந்நூறுன்னா இப்பவே எடுத்துக்கறேன்."

தேவகி என்னை நேராகப் பார்த்தார். "பட்டை இருந்தா பதிமூணாயிரம். அது இல்லாததாலதான் ஒம்போதுன்னு போட்டேன். ஒரே கொறைக்கு ரெண்டு தபா புடிக்க முடியாதுங்க. எங்க முதலாளிகூட ஒரு தபாதான் புடிப்பாரு."

கற்பகம் சிரித்த சிரிப்பில் அவருடைய தறி நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு தேவகி கணக்கைச் சொன்னார். ஜப்பானில் ஒரு பழைய பொருள் கடையில், இடைத்தரகு நிறுவனம் வழியாக வாங்கியது. பெட்டி எட்டாயிரத்து அறுநூறு, கப்பல் கூலி மூவாயிரத்து இருநூறு, சுங்கம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கைக்கு வந்தபோது பதினாலாயிரத்து எழுநூறு. அன்று காலை யென் எத்தனை பைசா என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

நான் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். குரலைத் தணித்து, "வீட்டுல ஏதாவது அவசரமா?" என்று கேட்டேன்.

"அவசரம்தான். ஞாயித்துக்கெழமையோட ஆர்டர் மூடுறான்."

படகுக்காரித் தொடரைத் தயாரித்த அதே படைப்புக் குழுவின் அடுத்த தொடர். வருகிற ஆர்டரின் எண்ணிக்கைக்கு மட்டும் பெட்டி செய்வார்கள், பிறகு செய்ய மாட்டார்கள். 33,000 யென், பத்தொன்பதாயிரம். தேவகி பத்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்பது வேண்டும்.

"கஷ்டத்துக்கு விக்கிறேன்னு நெனச்சிகினு வந்தீங்களா? கஷ்டம்னா இத வாங்கியே இருக்க மாட்டேனே. அடுத்தது வாங்கத்தான் விக்கிறேன்."

"அப்ப அந்தப் பட்டை தொலைஞ்சு போச்சா?"

"தொலையல. அங்க இருக்குது பாருங்க."

தறிச் சட்டத்தில், அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே, ஒரு சீட்டு கட்டியிருந்தது. பாவு கொடுக்கும்போது முதலாளி எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சேலையின் உடல் நிறம், கரை, முந்தி, நீளம் எல்லாம் அதில் இருக்கும். சேலையை அறுத்து இறக்கும் வரை அதை அவிழ்க்க மாட்டார்கள். அதன் பக்கத்தில் அதே நூலில் கட்டி, ஜப்பான் காகிதப் பட்டை. நீலக் கடல், படகு, கீழே தடித்த எண்களில் 38,500.

பதிமூன்றாயிரத்தை ஒன்பதாயிரம் ஆக்கிய காகிதத்தை யாராவது தறியில் கட்டுவார்களா? கேட்டேவிட்டேன்.

"இந்தச் சேல கடையில எவ்ளோக்குப் போவும், சொல்லுங்க பாப்போம்" என்றார் அவர்.

"நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதுங்க. பன்னண்டு வருசமா நெய்றேன், ஒருத்தர் சொன்னதில்ல. இந்தச் சீட்டுல எல்லாம் இருக்கும், விலை மட்டும் இருக்காது. அவன் சீட்டப் பாருங்க. அநியாய விலைதான். ஆனா நெத்தியிலயே போட்டுருக்கான்."

"முதலாளி பாத்தாரா?"

"போன வாரம் வந்தாரு. இன்னாம்மா இதுன்னாரு. ஜப்பான்காரன் சீட்டுங்க, அவன் விலை போடுறான்னேன்."

"அதுக்கு?"

"டீ வேணாம்னு சொல்லிட்டுப் பூட்டாரு" என்றார் கற்பகம்.

நான் கைப்பையைத் திறந்து ஆறாயிரத்து ஐந்நூறை எடுத்தேன். பிறகு தோள்பையின் உள் ஜிப். "பாருங்க அண்ணி, ரெண்டு பையில பிரிச்சி எடுத்துகினு வந்திருக்காங்க!" என்றார் கற்பகம். எண்ணி ஒன்பதாயிரம் கொடுத்தேன். தேவகி தன் லேப்டாப்பில் வெளி டிரைவைச் செருகி, ஆறு டிஸ்க்கும் ஓடுவதைக் காட்டினார். ரசிகர்கள் எழுதிய சப்டைட்டில் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது பட்டைக்குத் தனியாக ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றேன். "அது விக்கிறதுக்கு இல்ல" என்று தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆரணியில் 1.30 வண்டி. இரவு சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். மொத்தச் செலவு, பெட்டி நீங்கலாக, ஐந்நூறைத் தாண்டவில்லை.

விலை பற்றிய என் கோபம் குறையவில்லை. வெளிநாட்டு ரசிகன் என்றால் ஒன்று மறக்கப்படுகிறவன், இல்லை கறக்கப்படுகிறவன் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு ஒரு வீட்டுக்குள் போய், அங்கே நெய்கிறவரிடம் நானே முந்நூறு பிடிக்கப் பார்த்தேன். அது வேறு யாருடைய தவறும் இல்லை. ஆரணியில் சேலை எடுப்பவர்கள் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு நெய்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? பதில் வராது. கேளுங்கள், பரவாயில்லை.

டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு: கப்பல் கூலியும் சுங்கமும் பெட்டி விலையில் எழுபது விழுக்காடு வரை ஏறலாம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தேவகியின் கணக்கு அதுதான். சாதாரணப் பிளேயரை நம்பாதீர்கள். கணினியும் டிரைவும் போதும், வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் குறையைக் கழித்துத்தான் விலை போட்டிருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். பேரத்துக்கு என்று பணத்தைப் பிரித்து வைக்காதீர்கள். பிடிபடுவீர்கள்.

திங்கட்கிழமை காலை தேவகியிடமிருந்து செய்தி வந்தது.

'ஆர்டர் போட்டாச்சு. பெட்டி வர எட்டு மாசம் ஆவுமாம். புதுப் பட்டை வந்ததும் தறியில அத மாட்டிடுவேன். பழசு வேணும்னா நாலாயிரம். பேரம் கிடையாது.'