அலையில்லாத இடம்

என் தம்பியை எங்கள் தீவில் எல்லோரும் கொடிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரைக் காவலர் வேலை. தினமும் காலையில் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு போய், பார்க்கக் குளம் மாதிரி அமைதியாக இருக்கிற இடத்தில் ஊன்றுவான். வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் அலை அடிக்க, அதை விட்டுவிட்டு அலையே இல்லாத இடத்தில் கொடி வைக்கிறானே, இவனுக்கு மூளை இருக்கிறதா என்று. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாசல் அது. அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. இறங்கினால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லுவான். "இழுத்தா எதிர்த்து நீந்தாதீங்க. மல்லாந்து மிதங்க. இழுப்பு குறைஞ்சதும் பக்கவாட்டுல நீந்தி வாங்க. யாராவது மாட்டினா நீங்க குதிக்காதீங்க, மிதவையைத் தூக்கிப் போடுங்க." கரையோர விடுதிச் சமையலறையில் காய் நறுக்குகிற எனக்கே அது தூக்கத்திலும் வரும்.

ஆனால் கட்டின பெண்டாட்டிக்கு அவன் நீச்சல் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கேட்காமலும் இல்லை. அதே விடுதியில் துணி துவைக்கிற வேலை அவளுக்கு. "அண்ணி, ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிக்குடுக்குறாரு, எனக்கு மட்டும் கணுக்கால் தண்ணிதான்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். இவன் சிரிப்பான். "நான் இருக்கும்போது உனக்கெதுக்கு அது?" பெரிய வீரன் என்று நினைப்பு.

போன கோடையில், ஊர் சுற்ற வந்த ஒரு மாப்பிள்ளை கொடித் துணியை அவிழ்த்துப்போட்டு, அந்தக் கம்பில் தன் துண்டைத் தொங்கவிட்டுவிட்டு அங்கேயே இறங்கினான். இழுத்துக்கொண்டு போனது. தம்பி மிதவையோடு பாய்ந்தான். பயத்தில் அந்த ஆள் மிதவையை விட்டுவிட்டு இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு தலையும் தண்ணீருக்குள் போய்விட்டன. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். சமையலறை வாசலிலிருந்து நான் கத்தக் கத்த, நேராக அந்த அமைதியான தண்ணீருக்குள் இறங்கினாள்.

அந்த ஆளைக் கரைசேர்த்த பிறகுதான் தம்பிக்கு விஷயமே தெரிந்தது. மறுபடியும் பாய்ந்தான். அவளைக் கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. பிழைத்தவன் மறுநாள் படகேறிப் போய்விட்டான். நன்றாக இருக்கட்டும், வேறென்ன சொல்ல.

தம்பி வேலையை விடவில்லை. கொடி ஊன்றுகிறான், வாயை மட்டும் திறப்பதில்லை. ஒரு நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, அவன் சட்டையைக் கொடுக்கப் போனேன். மிதவை இல்லாமல் அந்த இழுப்பு வாசலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தான். தலை கடுகளவு ஆகிவிட்டது. வெகுநேரம் கழித்து, தள்ளி அலை அடிக்கிற பக்கமாகக் கரையேறினான்.

ஓடிப்போய்ப் பளாரென்று ஓர் அறை விட்டேன். "என்னடா பண்ற, பாவி?"

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. மணலில் உட்கார்ந்தான்.

"தினமும்தான் போறேன் அக்கா. திரும்பி வரக்கூடாதுன்னுதான் போறேன். இழுப்பு குறைஞ்சதும் கை தானா பக்கவாட்டுல நீந்த ஆரம்பிச்சிடுது. நிறுத்த முடியல. இதுல பாதி அவளுக்குத் தெரிஞ்சிருந்தா..."

சட்டையை அவன் தோளில் போட்டேன். இப்போதெல்லாம் சாயங்காலமானால் சமையலறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மிதவையைத் தூக்கிக்கொண்டு கரையில் போய் நிற்கிறேன். எனக்கும் நீந்தத் தெரியாது.