குமாரி செண்பகாவின் தொண்டை

என் சித்தப்பாவுக்கு இரண்டு தொண்டைகள். ஒன்று, பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசுகிற ஆண் தொண்டை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கடைப்பு. இன்னொன்று, பாட்டு என்று வந்துவிட்டால் அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சியில் போய் நிற்கிற பெண் தொண்டை. கள்ளக்குரல் என்பார்கள் அதை. காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவர் குளித்துக்கொண்டே பாடினால், தெருவில் போகிறவர்கள் இந்த வீட்டுக்கு எப்போது இன்னொரு பெண் வந்தாள் என்று நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த இரண்டாவது தொண்டையை நம்பித்தான் அவருடைய மெல்லிசைக் குழு ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆர்மோனியம், தபலா, பாங்கோஸ், ஒரு மைக் செட்காரர், அவ்வளவுதான் குழு. மதுரையிலிருந்து பாடகியை வரவழைத்தால் கட்டுப்படி ஆகாது. உள்ளூரிலோ எந்த வீட்டிலும் பெண்ணை மேடைக்கு அனுப்பமாட்டார்கள். ஆகவே மேடை ஓரத்தில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் சித்தப்பா. "அடுத்து உங்கள் அபிமானக் குரல், குமாரி செண்பகா" என்று ஆர்மோனியக்காரர் அறிவிப்பார். கூச்ச சுபாவம் உள்ள குடும்பப் பெண், முகம் காட்டமாட்டார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். இரவுக் கச்சேரி, மங்கலான பல்பு, யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

எழுபதுகளின் தொடக்கம் அது. சினிமாவில் புதுப்பாட்டுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. சித்தப்பாவும் ரேடியோவே கதியென்று உட்கார்ந்து எல்லாவற்றையும் பாடம் பண்ணுவார். ஆனால் செண்பகாவிடம் ஜனங்கள் கேட்டது என்னவோ நாலே நாலு பழைய பாட்டுகளைத்தான். ஒரு தாலாட்டு, ஓர் ஊஞ்சல் பாட்டு, ஆற்றங்கரையில் காத்திருக்கிறவள் பாடுகிற ஒன்று, அண்ணனை வழியனுப்பும் தங்கை பாட்டு ஒன்று. புதுப்பாட்டை எடுத்தால் பாதியிலேயே "அந்தத் தாலாட்டைப் போடுங்கப்பா" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வரும். பாடிப் பாடிச் சித்தப்பாவுக்கு அலுத்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு அலுக்கவே இல்லை. என் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்ட இந்தக் காலத்திலும், ஊர்ப்பக்கத்து விசேஷங்களில் அந்த நாலில் ஒன்றை யாராவது செல்போனில் போட்டுக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கள்ளக்குரல் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது மட்டும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை தெற்கே ஏதோ ஓர் ஊரில் காற்றுக்குத் திரை விலகிவிட்டது. மீசை வைத்த செண்பகாவைப் பார்த்த இளவட்டங்கள் சும்மா விடவில்லை. கையில் வளையலை மாட்டி, நெற்றியில் குங்குமத்தை அப்பி, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கைதட்டிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனார்கள். வீடு வந்து சேர்ந்தவர் நாள்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை. சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். மணிக்கட்டில் வளையல் உடைந்து கீறின காயம் இருந்தது. என்ன சித்தப்பா இது என்று கேட்டதற்குச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அவர் உயிரை வைத்துக்கொண்டிருக்கமாட்டார் என்று அம்மா அடுக்களையில் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பெரியவர்கள் பேச்சுக்குச் சொல்வதையும் மெய்யாகவே சொல்வதையும் பிரித்துப் பார்க்கிற வயதா எனக்கு? அன்றிலிருந்து சித்தப்பா கச்சேரிக்குக் கிளம்பினால், அவர் திரும்பி வருகிற வரைக்கும் நான் தூங்காமல் கிடப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அம்பலகாரர் வீட்டு ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றார். அமராவதிபுதூருக்கு அப்பால் ஓர் ஊர். அம்பலகாரர் அந்த ஊருக்குப் பெரிய தலை. பாதிக் கச்சேரியில் எழுந்துபோன மேளக்காரர்களின் தவிலைத் தூக்கிக் கிணற்றில் போட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை எங்கள் தெரு வரைக்கும் வந்திருந்தது. கண்டனூரில் செட்டியார் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் செண்பகாவைக் கேட்டிருக்கிறார். இப்போது பேரனுக்குக் காதுகுத்து.

"கறிச்சோறு முடிஞ்ச கையோட பாட்டு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிரணும், பொண்டு புள்ளைக வெளிச்சத்துலயே வீடு போய்ச் சேரணும்னு அய்யா சொல்லிட்டாக," என்றார் வந்த ஆள். "அப்புறம், கண்டனூர்ல திரையைப் போட்டுட்டீகளாம். இங்க அதெல்லாம் வேணாம். எல்லாம் நம்ம சனந்தான். செண்பகா முன்னுக்க வந்து நின்னு பாடட்டும்."

சித்தப்பா முடியாது என்று சொல்லியிருக்கலாம். தவிலையே கிணற்றில் போட்டவரிடம் முடியாது என்று யார் போய்ச் சொல்வது? தலையை ஆட்டி ஆளை அனுப்பிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நீ வாயசைச்சாப் போதும் ஆத்தா. பாடுறத நான் பாத்துக்கிறேன்," என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பாட்டுக்கும் எனக்கும் வெகு தூரம். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில்கூட டீச்சர் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார். அந்தத் தகுதியே போதும் என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். மாட்டேன் என்று அழலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அம்மா அடுக்களையில் சொன்னது ஞாபகம் வந்தது. சரி என்றேன். காதுகுத்துக்குக் கறிச்சோறு சாப்பிடக் கூட்டிப்போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அம்பலகாரர் வீட்டு மாட்டுத் தொழுவத்தின் சுவரை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். என் முன்னால் நின்ற மைக்குக்கு உயிர் கிடையாது. உயிருள்ள மைக்கின் ஒயரை மைக் செட்காரர் தொழுவத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார். அங்கே மாடுகளுக்கு நடுவே சித்தப்பா. முகம் நிறைய ரோஸ் பவுடரும் யாருடையதோ தாவணியுமாக நான் மேடையில் நின்றேன். முதலில் என் கண் தேடியது கிணற்றைத்தான். வேப்பமரத்துக்கு அருகிலேயே இருந்தது, பெரிய கிணறு. என்னைப்போல மூன்று பேரைப் போட்டாலும் இடம் மிஞ்சும்.

பாட்டு ஆரம்பித்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. இத்தனூண்டு உடம்புக்குள் இப்படி ஒரு குரலா என்று பொம்பளைகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இளவட்டங்கள் சாராய வாடையோடு விசில் அடித்தார்கள். அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நான் உதட்டை அசைத்தேன். முன்வரிசையில் ஒற்றை நாற்காலியில் அம்பலகாரர். வெள்ளை மீசை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை, என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊஞ்சல் பாட்டின் நடுவே ஒரு கன்றுக்குட்டி "அம்மா" என்று கத்த, அது நாலு தெருவுக்கும் ஒலிபெருக்கியில் கேட்டது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அம்பலகாரர் மட்டும் தலையைத் திருப்பித் தொழுவத்து ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுவேனோ என்று பயந்து தொடைகளை இறுக்கிக்கொண்டேன்.

ஒருவழியாக முடிந்தது. தாலாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் எழுந்தது. மேடையிலிருந்து இறங்கித் தாவணியை உருவிப் போட்டுவிட்டு ஓடலாம் என்று இருந்தபோது அந்த ஆள் மறுபடியும் வந்தார்.

"பாப்பாவ அய்யா உள்ள கூட்டியாரச் சொல்றாக."

சித்தப்பா உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை என் கையைவிடச் சில்லிட்டிருந்தது. முன்கூடமான பட்டாசாலையில் அம்பலகாரர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் பிறை மாதிரி வளைந்த வளரி ஒன்று மாட்டியிருந்தது. வீசி எறிந்தால் ஓடுகிறவன் காலை ஒடித்துப் போட்டுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஓடுகிற எண்ணத்தை அங்கேயே விட்டேன். வாசல் நிறைய சனம். இளவட்டங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மைக்கு கொரல மாத்திப்புடும் ஆத்தா. மைக்கு இல்லாம ஒரு தடவ கேக்கணும். அந்தத் தாலாட்டு," என்றார் அம்பலகாரர்.

நிலைப்படி ஓரம் ஒதுங்கி நின்ற சித்தப்பாவைப் பார்த்தேன். "பாப்பாவுக்குத் தொண்டை கட்டிருச்சுங்கய்யா" என்று அவர் ஆரம்பித்தார். ஆண் தொண்டையில்தான் ஆரம்பித்தார். பயத்தில் அது பாதியில் நழுவி, முடிக்கிற இடத்தில் செண்பகாவின் குரலாகக் கீச்சென்று உடைந்தது.

அம்பலகாரர் மெதுவாகத் திரும்பினார். சித்தப்பாவின் முகத்தை, கழுத்தை, சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை எல்லாம் பார்த்தார். வாசலில் ஓர் இளவட்டம் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சித்தப்பாவை இனி உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப்போகமாட்டேன், அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று எனக்குள் ஓடியது. அழுகைகூட வரவில்லை.

"என்னடா சிரிப்பு? எல்லாரும் வெளிய போங்க," என்றார் அம்பலகாரர். "கதவச் சாத்துங்க. நிலைப்படிகிட்ட நிக்கிற அந்தத் தம்பி மட்டும் இருக்கட்டும். புள்ளை பயந்துகிரும்."

கதவைச் சாத்தினார்கள். அவர் எழுந்தார். வளரியை எடுக்கத்தான் எழுகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சித்தப்பா நின்ற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இங்குட்டு வந்து எனக்கு எதுக்க நில்லு ஆத்தா," என்றார். "இப்பப் பாடு. இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

நான் போய் நின்றேன். பிறகு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தாலாட்டு வந்தது. முதலில் நடுங்கிக்கொண்டு, தொட்டால் அறுந்துவிடும்போல வந்தது. இரண்டாவது வரியில் கொஞ்சம் நிலைத்தது. அப்புறம் நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலாக ஆகிவிட்டது. கச்சேரிகளில் சித்தப்பா பாடியது ஊருக்கு எட்டுகிற பாட்டு. இது ஒரே ஒரு தொட்டிலுக்குப் பாடுவது போல இருந்தது. பயத்தையும் மீறி நான் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன், உதட்டை அசைக்க மறந்து. திடுக்கிட்டு அம்பலகாரரைப் பார்த்தேன். நல்லவேளை, அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசர அவசரமாக வாயை அசைத்து வரியைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிகிறவரைக்கும் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மனிதருக்குக் காது மந்தம் போலிருக்கிறது, எதிரே நிற்கிற வாய் எது, பின்னால் வருகிற பாட்டு எது என்றுகூடத் தெரியவில்லை என்று எனக்கு அவரை நினைத்து ஏளனமாகக்கூட இருந்தது.

முடிந்ததும் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொன்னார். வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தில் எனக்காகப் பாவாடைத் துணி வைத்துக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் நிறம், மயில் கண் போட்டது. நான் கையை நீட்டிவிட்டேன். அம்பலகாரர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "பீரோவுல பட்டு வேட்டியும் துண்டும் இருக்கு பாரு, அத எடுத்தா," என்றார். புதுசு, மடிப்புக் கலையாதது, சரிகைக்கரை போட்டது. அதைத் தாம்பாளத்தோடு என் கையில் கொடுத்து, "நல்லாப் பாடுன ஆத்தா" என்று சொன்னார். சொல்லும்போது பார்வை என் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குப் பட்டு வேட்டி எதற்கு? இவ்வளவு பெரிய மனிதருக்கு யாருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லையே என்று மயில் கண்ணை நினைத்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வாசலில் நின்ற இளவட்டங்களை அவர் முன்னால் நடக்கச் சொல்லி, எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு வரச் சொன்னார். அவர்களும் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக வந்து ஏற்றிவிட்டார்கள்.

பஸ் அமராவதிபுதூரைத் தாண்டியது. சித்தப்பா பட்டு வேட்டியை மடியில் வைத்து அதன் கரையைத் தடவிக்கொண்டே வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. பிழைத்து வந்தபிறகு என்ன அழுகை? இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இருந்தவருக்குக் கேட்காதபடி காதோரம் போய்த் தைரியம் சொன்னேன்.

"அழுகாதீக சித்தப்பா. அவுகளுக்கு ஒண்ணுமே தெரியலை. நல்லா ஏமாந்துட்டாக."