இரண்டு ஜடைக்கு எட்டாத குரல்

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்துக்கு இரட்டை ஜடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். என் மகளுக்கு அவள் அம்மாதான் பின்னிவிடுவாள். பின்னி முடிக்கிற வரைக்கும் பேச்சு ஓயாது. அவள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனதும் சீப்பு என் கைக்கு வந்தது. மறைமலை நகர் கம்பெனியில் போல்ட் முடுக்கிப் பழகின கை. முடி அதற்கு அடங்குமா?

பேச்சு மட்டும் அம்மாவிடமிருந்தே வந்தது. டியூட்டி வேனுக்குக் காத்திருக்கும்போது போனில் பேசி, பதிந்து அனுப்புவாள். மறுநாள் காலை அஸ்தினாபுரத்தில், எங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தில் மகளை உட்காரவைத்து அதைப் போடுவேன்.

"கண்ணு, எந்திரிச்சியா, பல்லு தேச்சியா, அப்பாவ இறுக்கிப் பின்னச் சொல்லு, தண்ணி பாட்டில மறந்துடாத, வேன் வந்துடுச்சு, வெச்சிர்றேன் கண்ணு!"

அவ்வளவுதான். தாம்பரத்தில் கிளம்பிவிட்ட ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி பேசுவாள். நான் அப்போதுதான் வகிடு எடுத்திருப்பேன். திரும்பப் போட்டால், "அதான் கேட்டாச்சேப்பா" என்று மகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். தலை தொங்கினால் ஜடை கோணிவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில், மகளின் ஆண்டு விழா டான்ஸ் வீடியோவை வெட்டி ஒட்டுவதற்காக ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தேன். அதில் அம்மாவின் குரலை ஏற்றி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு ஜடைக்கும் எட்டும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். காலையில் போட்டதும் மகள் துள்ளி எழுந்துவிட்டாள்.

"அய்யோ! அப்பா, இது அம்மா இல்ல, பூதம்!"

வேகம் குறைந்தால் குரலும் தடித்துவிடுமாம். அது எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்ததில், குரல் மாறாமல் இருக்க ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன். இப்போது அம்மாவேதான். இரண்டு வார்த்தைக்கு நடுவில் அவள் மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்டது.

மகள் அதைக் கடைசி வரை கேட்டுவிட்டுத் திரும்பினாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாப்பா? இழுத்து இழுத்துப் பேசுறாங்க."

மனைவியிடம் போனில் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவங்க புள்ள. லீவு அன்னிக்கி நானே நிதானமா பேசி அனுப்புறேன்" என்றாள்.

சொன்னபடியே அனுப்பினாள். கட்டிலில் உட்கார்ந்து பேசியிருப்பாள் போல. வேனும் இல்லை, அவசரமும் இல்லை. வெயில், சமையல், பக்கத்து அறை அக்கா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். இப்படிப் பேசி நான் கேட்டே நாளாகிவிட்டது. சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

மகள் திரும்பி என்னை முறைத்தாள்.

"திரும்பவும் மெதுவாக்கிட்டியா?"

"இல்லம்மா, சத்தியமா நான் தொடவே இல்ல. அம்மாவே இப்படித்தான் பேசியிருக்காங்க."

"போப்பா, பொய் சொல்ற. எங்க அம்மா வேகமாத்தான் பேசுவாங்க. சரியாக்கு."

என்ன சொல்லியும் நம்பவில்லை. பின்னிய பாதியை அவளையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டினேன். குரல் மாறாமலிருக்க அந்த டிக்கையும் மறக்காமல் போட்டேன்.

"ம்ம், இதான் அம்மா" என்று தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

முதல் ஜடைக்கு ரிப்பன் கட்டும்போதே "வெச்சிர்றேன் கண்ணு" வந்துவிட்டது. இரண்டாவதை இருவரும் பேசாமலே பின்னி முடித்தோம்.