டிவி எங்களைப் பார்த்த மாலை

டிவி திரும்பி நம்மைப் பார்க்கும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதுவரை யாரும் நினைத்ததில்லை.

அக்காவுக்குப் பல்கலைக்கழக நேர்முகத் தேர்வு, கணினி வழியாக. ரிங்லெட் டவுனிலிருந்து மாமா ஒரு பழைய கணினியும் கேமராவும் கொண்டுவந்தார். திரை மட்டும் இல்லை. "அதான் டிவி இருக்கே, மாட்டிக்கலாம் லா" என்றார். மலிவு விற்பனையில் வாங்கிய அகலத் திரை டிவி. அது தேறுமா என்று சொல்ல வேண்டிய நிபுணர் நான். வயது பத்து. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் பார்த்துவிட்டு, "டாப்!" என்று தீர்ப்பளித்தேன்.

ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்த அக்காதான், "எழுத்தெல்லாம் பிசிறடிக்குதுடா, ஓரமெல்லாம் வெட்டிப்போகுது" என்று முனகினாள்.

"நீ தள்ளி உக்காரு."

வெட்டிப்போன ஓரத்தில்தான் எங்கள் கேமரா பிடிக்கும் படத்தைக் காட்டும் சின்னக் கட்டம் இருந்தது. நிபுணருக்கு அது தெரியாது.

எங்கள் லயத்தில் டிவி ஓடினால் கதவு திறந்திருக்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் கேட்காமலே வந்து உட்காருவார்கள். அன்றும் வந்தார்கள். "பரீட்சை நடக்குது, சத்தம் போடாதீங்க" என்றார் அம்மா. போடவில்லை. மலைக்குளிருக்குக் கட்டிய முக்காட்டோடு அக்காவுக்குப் பின்னால் வரிசையாக அமர்ந்து முறுக்கு மட்டும் கடித்தார்கள்.

திரை நிறைய ஓர் அம்மையார். ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, மலாய் மொழியில், "பின்னால் இருப்பவர்கள் யார்?" என்றார்.

முறுக்குச் சத்தம் நின்றது.

"ஐயையோ, டிவிக்காரம்மா நம்மளப் பாத்துடுச்சுடி!" என்று அலறினார் பக்கத்து வீட்டு அத்தை. மாமா சுவரோடு சுவரானார். அம்மா தேநீர்க் கோப்பையோடு அப்படியே உறைந்தார். நிபுணர் மேசைக்கடியில் புகுந்தார். போச்சு, அக்கா படிப்பு போச்சு!

அக்கா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. விரட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ திரையைப் பார்த்து, "என் குடும்பம். எல்லாரும் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவர்கள்" என்றாள்.

அம்மையார் எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. டிவியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான் என்று ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அன்று அந்த வணக்கம் கேட்டதும் பின்வரிசையில் ஒவ்வொருவராக முக்காட்டை அவிழ்த்தார்கள். தலைமுடியைக் கோதினார்கள். கொழுந்துக் கறை படிந்த விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவர்களுக்கு மட்டும் ஏன் குளிரவில்லை என்று மேசைக்கடியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.