நான் பார்க்காமல் விட்ட இடது கண்

துப்பாக்கி விற்கும் கடையைப் போல அமைதியான கடை வேறு கிடையாது. வாங்க வருபவர் எடுத்துப் பார்ப்பார், யோசிப்பார், அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விடுவார். நடுவில் இருக்கும் நாட்கள் முழுக்க நம்முடையவை. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் மரத்துப்போனவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமீரகத்தில் அல் ஐனுக்கு வெளியே, களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் ஒரு கிளப்பின் துப்பாக்கிக் கடையில் எனக்கு வேலை. முதல் ஷாட்கன் வாங்க வருபவருக்குப் பொருத்தமானதை எடுத்துக் கொடுக்க வேண்டும். இயற்பியல் படித்த தைரியத்தில் வந்துவிட்டேன். மூன்று மாதம் சோதனைக் காலம். சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: "தப்பான துப்பாக்கியை ஒருத்தருக்குக் கொடுத்தால்கூட கலாஸ், அதோடு முடிந்தது. விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்."

இலேசானது

புதிதாக வருபவர்களின் கை நேராகப் போவது எடை குறைந்த துப்பாக்கிக்குத்தான். பறவை வேட்டைக்கு அது சரி. நாள் முழுக்கச் சுமந்து நடப்பார்கள், சுடுவது நாலைந்து முறை. தட்டு சுடுபவரோ ஒரே இடத்தில் நின்று இருபத்தைந்து தோட்டாவையும் தீர்ப்பார். துப்பாக்கி இலேசாக இருந்தால், வெடிக்கும்போது அது பின்னால் உதைக்கும் உதை முழுவதும் தோளுக்கு வரும்.

ஒரு நாள் வாடகைத் துப்பாக்கி எடுக்க வந்த கோயம்புத்தூர் இன்ஜினியர், இருப்பதிலேயே இலேசானதைக் கேட்டார். "கொஞ்சம் கனமானதா எடுத்துக்கலாமே சார்" என்றேன், மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடி. அரை மணி நேரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "அப்பவே சொன்னேனே சார்" என்றேன்.

"சொன்னீங்க, சரிங்க. யாருக்குங்க சொன்னீங்க?"

மைக்

சுடுபவர் நிற்கும் இடத்தில் ஒரு மைக் இருக்கும். இழு என்பதற்கு ஆங்கிலத்தில் "புல்!" என்று கத்தினால் அது கேட்டு, மிஷின் தட்டை வீசும். செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டம் இருக்காது. மைக்குகளைச் சோதிப்பது என் வேலை. என் ரூமில் இருக்கும் இரண்டு நர்ஸ்களும் நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்கள். அதனால், அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தையே அந்தப் "புல்"தான்.

ஒரு செவ்வாய் மூன்று முறை கத்தினேன். மிஷின் அசையவில்லை. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்ததும் தட்டு பறந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கீழக்கரை காதர் பாய் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"நீ எங்ககிட்டத்தான் பேசமாட்டேங்குறேன்னு நெனச்சேன். மிஷின்கிட்டயுமாம்மா?"

எந்தக் கண்

இரண்டு கண்ணில் ஒன்றுதான் குறியை நடத்தும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் முந்திக்கொண்டால் தட்டு ஒரு பக்கம் போகும், சுட்டது ஒரு பக்கம் போகும். கண்டுபிடிப்பது சுலபம். கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாக என் மூக்கைப் பார்க்கச் சொல்வேன். அதில் எனக்கு எந்தக் கண் தெரிகிறதோ, அதுதான். ஆனால் அதற்கு நானும் அவரைப் பார்க்க வேண்டும்.

அபு ராஷித் இந்த ஊர்க்காரர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களோடு நல்ல இந்தி பேசுவார். தம்பிகளோடு வெளிநாட்டுக்குப் போய்க் கௌதாரி வேட்டையாட வேண்டும், அதற்கு முன் தட்டில் பழக வேண்டும் என்று வந்தார். கைகளை நீட்டி என்னைப் பார்த்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நான் குனிந்துகொண்டேன். குனிந்தபடியே "வலது" என்று எழுதி, வலது தோளுக்கான துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் செவ்வாய்தோறும் தனியாக வந்தார். இருபத்தைந்து தட்டில் இரண்டு உடைந்தால் அதிகம். தூரத்திலிருந்தே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது வாரம் துப்பாக்கியைக் கவுண்டரில் வைத்தார்.

"இதை யாருக்காவது விற்றுக்கொடு மகளே. தம்பிகள் போகட்டும். எனக்கு வயதாகிவிட்டது."

ஒரு துண்டு டேப்

சோதனைக் காலம் முடிய ஒன்பது நாள் இருந்தது. "வயசு இல்லை சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, கண்ணாடி அறைக்குள் மேனேஜர் தலையைத் தூக்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்: "வயசு இல்லை சார். அன்றைக்கு நான் உங்கள் கண்ணைப் பார்க்கவே இல்லை. தப்பு என்னுடையது."

மறுபடி கைகளை நீட்டச் சொன்னேன். இந்த முறை பார்த்தேன். இடது கண். பழுப்பு நிறம், ஓரத்தில் கொஞ்சம் ஈரம். சுடும்போது அவர் போடும் கண்ணாடியின் இடது பக்கத்தில் நகமளவு டேப் ஒட்டி, குறியை வலது கண்ணுக்கு விட்டேன். முதல் தட்டு தப்பியது. இரண்டாவது தூளாகியது. மூன்றாவதும். பதினாறு தட்டு உடைத்துவிட்டு வந்தவர், என் பக்கத்தில் வந்து நின்றிருந்த மேனேஜரின் முகத்தைப் பார்த்தார்.

"இவளைத் திட்டாதே. இந்த வருஷத்தில் எனக்கு வயதாகவில்லை என்று சொன்ன ஒரே ஆள் இவள்தான்."

மேனேஜர் திட்டவில்லை, சோதனைக் காலத்தை மட்டும் இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார். ஆக, துப்பாக்கிக் கடையில் நான் இதுவரை சுட்டது என் வேலையை மட்டும்தான்; அதுவும் குறி தப்பிவிட்டது.