நட்சத்திரம் பார்த்துக் கொடுத்த வீடு

இரண்டு மாதத்துக்கு வீடு கேட்பவனை மதுரை வீட்டுக்காரர்கள் பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வருஷக்கணக்கில் கேட்டால் நீ குடும்பஸ்தன். இரண்டு மாதம் என்றால் உன்னிடம் ஏதோ இருக்கிறது. ஓடிவந்த பெண்ணோ, ஒளித்து வைக்கிற சரக்கோ. என்னிடம் அம்மா இருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. அம்மாவுக்கு மார்பில் கட்டியை எடுத்துவிட்டு, இனி கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஞாயிறு போக தினமும். நடுவில் விட்டால் பட்டதெல்லாம் வீண் என்றார் டாக்டர். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து திரும்புகிற தெம்பு அவளிடம் இல்லை. திங்கட்கிழமைக்குள் ஆஸ்பத்திரிப் பக்கமாக, படி ஏறத் தேவையில்லாத ஒரு வீடு வேண்டும்.

புரோக்கரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பழங்காநத்தம் முழுக்க அலைந்தேன். வெயில் தார் ரோட்டில் உருகி வழிந்தது. வாசல்தோறும் இரும்புக் கேட், கேட்டுக்குப் பின்னால் லுங்கி கட்டிய ஒரு வயிறு. ஆளுக்கு முன்னால் வயிறுதான் வெளியே வரும். "அம்மாவுக்கு என்ன சீக்கு?" என்று கேட்கும். சொன்னதும், "தம்பி மகன் குடிவாரேன்னு சொல்லியிருக்கான்ப்பா" என்று கேட்டைச் சாத்தும். அம்புட்டுத் தம்பி மகன்களும் அந்த ஒரே வாரத்தில் மதுரைக்குக் குடிவர இருந்தார்கள்.

"அடைப்புண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றார் புரோக்கர். ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நாளும் மோசம். ஆறு மாத அடைப்பு. ஒருத்தி பிழைப்பாளா என்று அந்தத் தெருக்களில் ஒருவரும் கேட்கவில்லை. எந்த நாளில் போவாள் என்பதுதான் அவர்கள் கவலை.

சனிக்கிழமை அம்மாவையே ஆட்டோவில் கூட்டிப்போனேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய வீட்டுக்காரர், சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ரொம்ப முடியாமப் போச்சுன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்கள்ல? முன்கூட்டியே?"

நான் வாய் திறப்பதற்குள் ஆட்டோவுக்குள்ளிருந்து அம்மா சொன்னாள்: "ஏம்ப்பா, போறதா இருந்தா நல்ல நட்சத்திரமாப் பாத்துத்தான் போவேன். உன் வீட்டுக்கு ஒரு கொறையும் வராது."

நக்கல்தான். அந்த மனிதர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். முகம் தெளிந்து சாவியை எடுக்க உள்ளே போனார்.

குடிவந்த பிறகு பல நாள், அதே காம்பவுண்டில் இருந்த வீட்டுக்காரர் குடும்பம் எங்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திடீரென ஒரு காலையில் இளநீர் வந்தது. மதியம் ரசம். "அம்மா தூங்குறாங்களா, மூச்சு சீரா இருக்கா?" என்று ஜன்னலில் வீட்டுக்காரம்மாவின் தலை. தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அவிட்டம். ஐந்து நாள் கழித்து அசுவினி பிறந்ததும் பாசம் வற்றிவிட்டது.

அடுத்த சுற்று வருவதற்குள் அம்மாவுக்கு எல்லாம் அத்துபடி. "இன்னைக்குச் சதயம்டா. லேசா இருமுறேன், என்ன வருதுன்னு பாரு." இருமினாள். ஆப்பிள் வந்தது.

கரண்டு வைத்த இடம் கறுத்து உரிந்தது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூட அவள் விடவில்லை. கரண்டு முடிந்தது, இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று நாங்கள் திரும்பினால், வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது.

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு நானே வண்டி சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவனுக்குக்கூட அவ்வளவு நிம்மதி முகத்தில் வராது.

அம்மா வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மாசம் முடிய இன்னும் ஒரு வாரம் கெடக்கேப்பா. இருந்துட்டே போறோம்."

அன்று சாயங்காலமே பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்கு நேராகப் போடச் சொல்லி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் கொல்லைப்புறமாகத்தான் போய்வந்தார்.