எண்ணெய் தேய்த்த மூன்று முயல்கள்

மேலகரத்தில் பூச்சிமருந்து கலக்கும் கம்பெனியில் வல்லிநாயகத்துக்கு முயல் வேலை. மருந்து தோலில் பட்டால் உயிருக்கு என்ன ஆகும் என்று, மனிதருக்குப் படுவதற்கு முன்னால், முயலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தாளில் இருந்த முறையை மானேஜர் ஹபீபுல்லா ஒரு தடவை தமிழில் சொன்னார். மீதியை வல்லிநாயகமே பழகிக்கொண்டார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரைச் சிரைத்து, மருந்தை எடைபோட்டுத் தடவி, துணியால் கட்டி, மறுநாள் அதே நேரத்துக்குக் கழுவிவிடுவார். அப்புறம் பதினாலு நாள் பார்ப்பார். எட்டு வருடத்தில் ஒரு முயலுக்கும் பெயர் வைத்ததில்லை.

அறுபத்து மூன்றாம் வருடம் ஆனி மாதம், பருத்திக்கு அடிக்கும் புது மருந்து வந்தது. ஆறு முயல். புது பிளேடு மூன்றின் தோலைக் கீறிவிட்டது. கீறிய தோலில் மருந்து தடவக் கூடாது. ஆறட்டும் என்று இரண்டு நாள் விட்டார். எரியுமே என்று, சனிக்கிழமை தான் தேய்த்துக்கொண்டது போக மிஞ்சிய நல்லெண்ணெயை அவற்றின் முதுகில் தடவினார். ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்து அருவிக்குப் போகிற மாதம். முயலுக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தார். கீறல் ஆறியது. பிசுக்கு போகவில்லை. திங்களன்று ஆறுக்கும் மருந்து தடவினார்.

புதன்கிழமை அந்த மூன்றும் நடுங்கி, வாயில் நீர் வடிந்து செத்தன. மற்ற மூன்றும் பதினாலு நாளும் புல் தின்றன. எண்ணெயையும் சேர்த்து நோட்டில் எழுதிக்கொடுத்தார்.

"எவம்வே முயலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னது? தாள்ல இருக்கா?" என்றார் ஹபீபுல்லா.

"இல்ல சார். தப்பு என்னுதுதான்."

"அப்ப நோட்டுல அந்த மூணையும் அடிச்சிரும். நாளைக்கு வாசுதேவநல்லூருக்கு மருந்து லாரி போவுது."

"அங்கன மருந்தடிக்கிறவன் உடம்பு பூரா எண்ணெய் தேச்சிட்டுத்தான் வயல்ல எறங்குதான் சார். மருந்து ஒட்டாதுன்னு நெனைக்கான். எண்ணெய்தான் அத உள்ள இழுத்து விடுது."

"ஒமக்கு எப்படித் தெரியும்?"

"எம் மச்சினனுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஹபீபுல்லா நோட்டை மறுபடி படித்தார். லாரியை நிறுத்த முடியாது என்றார். வேண்டுமானால் அதிலேயே ஏறிப் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும் என்றார்.

மறுநாள் பருத்திக்காட்டு வரப்பில் மச்சினன் குத்தாலிங்கம் பளபளவென்று நின்றான்.

"வாங்க அத்தான்! நீங்க சொன்ன மாதிரி காலு வரைக்கும் தேச்சாச்சு."

வல்லிநாயகம் மூன்று முயல்களின் கதையைச் சொன்னார்.

"நான் என்ன முயலா அத்தான்?"

"இல்லலே. அது ரெண்டு கிலோ, நீ அம்பது. சாவ கொஞ்சம் கூட நேரம் ஆவும்."

குத்தாலிங்கம் சிரித்தான். அத்தான் சிரிக்கவில்லை. கொண்டு வந்திருந்த சீயக்காய்ப் பொட்டலத்தை நீட்டினார். கிணற்றடியில் மூன்று தடவை தேய்க்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவன் முதுகில் விரலை இழுத்துப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டை போடச் சொல்லிவிட்டு, எண்ணெயோடு நின்ற மற்ற நாலு பேரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.